ராஜாவுக்கு வாடாத கீரை

கை கீரை ஆயட்டும், வாய் கதை சொல்லட்டும். பசலைக்கீரை என்றால் இப்படித்தான், நல்ல இலையை ஒரு பக்கம் போடணும், பழுப்பை ஒரு பக்கம் தள்ளணும். மாங்கோட்டை அரண்மனையில் மட்டும் பழுப்பெல்லாம் பட்டு கட்டிக்கொண்டு சபையில் உட்கார்ந்திருந்ததாம்.

அந்த ஊர் ராஜா சிங்கராயர். ஒரு தரம் வேட்டைக்குப் போய் வழி தப்பி, ஒரு தோட்டக்காரி வீட்டில் பசிக்கு ஒதுங்கினார். அவள் அடுப்பே மூட்டவில்லை. பசலைத் தளிரைப் பறித்துக் கழுவினாள். மாம்பழத்தைத் துண்டு போட்டாள், மாதுளை முத்தை உதிர்த்தாள். எலுமிச்சைச் சாற்றில் தேனும் உப்பும் மிளகுத்தூளும் போட்டு, நல்லெண்ணெய் விட்டு நன்றாக அடித்து, மேலே ஊற்றிப் புரட்டிக் கொடுத்தாள். ராஜா நறுக் நறுக்கென்று தின்று, தட்டையும் வழித்து நக்கினார்.

அரண்மனைக்கு வந்ததும் சமையல்காரர் பூவாண்டியைக் கூப்பிட்டு, "அதே மாதிரி வேணும்" என்றார்.

பூவாண்டியும் அதே மாதிரிதான் செய்தார். ஆனால் அரண்மனையில் தட்டு நேரே ராஜாவிடம் போய்விடுமா? பட்டுத் துணி மூடி, முதலில் வைத்தியரிடம் போகும். அவர் மோந்து பார்க்க வேண்டும். அப்புறம் சோசியர் நேரம் பார்க்க வேண்டும். அப்புறம் ருசி அதிகாரி சோமசேகரர் ஒரு வாய் தின்று, விஷமில்லை என்று சொல்ல வேண்டும். கடைசியில் புலவர் ஒரு பாட்டு பாட வேண்டும். இத்தனை வாசலும் தாண்டி வருவதற்குள், உப்பும் புளிப்பும் பட்ட கீரை என்ன ஆகும்? தண்ணீர் விட்டு, துவண்டு, பிழிந்து போட்ட துணி மாதிரி கிடந்தது.

"என்னய்யா இது? மாடு துப்பினதா?" என்று ராஜா தட்டைத் தள்ளினார்.

சோமசேகரர் குனிந்து வந்தார். "பூவாண்டிக்குக் கைப்பக்குவம் போயிருச்சுங்க மகாராஜா. என் மச்சினன் ஒருத்தன் சும்மாதான் இருக்கான்..."

"நாளைக்கும் வாடி வந்தா உன் மச்சினன் வரட்டும். பூவாண்டிக்கு மொட்டை போட்டு, கழுதை மேல ஏத்தி எல்லை தாண்டி விட்டிருங்க. ஆனா ஒண்ணு, சம்பிரதாயம் துளி குறையக் கூடாது. கீரையும் துளி வாடக் கூடாது!"

பூவாண்டி அழுதுகொண்டே வெள்ளியங்கிரியிடம் ஓடினார். வெள்ளியங்கிரிக்குச் சபையில் கடைசி ஆசனம். ஆனால் முதல் மூளை.

"அண்ணா, மயிர் போனா முளைச்சுக்கும். பொண்டாட்டி நிறைமாசமுங்க. அவளை எந்த எல்லையில கொண்டுபோய் இறக்குவேன்?"

"அழாதே. சாறு ஊத்தினா எத்தனை நேரம் தாங்கும்?"

"ஊத்தின கையோட தின்னுடணுங்க."

"அப்ப ஊத்தாதே. பறிக்கவும் பறிக்காதே."

"அப்புறம் தட்டுல என்னத்தைங்கண்ணா வெக்கறது?"

"அது என் பாடு. நீ செடியைத் தொட்டியோட தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நில்லு."

மறுநாள் வெள்ளியங்கிரியே வெள்ளித் தட்டை ஏந்தி வந்தார். மேலே பட்டுத் துணி.

வைத்தியருக்கு நாலு நாளாய் மூக்கடைப்பு. அப்படியும், "ஆகா! வாசத்துலயே பித்தம் இறங்குது" என்றார். சோசியர் விரலை மடக்கி, "குரு பார்வை இருக்கு, சாப்பிடலாம்" என்றார்.

சோமசேகரர் துணிக்கடியில் நுனி விரலை மட்டும் விட்டார். விரலை வாய்க்குக் கொண்டுபோனார். கண்ணை மூடி மென்றார், விழுங்கினார், மீசையை வேறு துடைத்துக்கொண்டார்.

"விஷமில்லைங்க. ஆனா உப்பு கொஞ்சம் கூட. கீரை இன்னிக்கும் வாடித்தான் போச்சு, மகாராஜா."

புலவர் விட்டாரா? மரகத இலையே, மாணிக்க முத்தே என்று இழுத்துப் பாடி முடித்தார்.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "வாடிப்போச்சா? கொண்டா கழுதையை!"

"கழுதை வரட்டுங்க. அதுக்குள்ள துணியை எடுத்துப் பாருங்க" என்றார் வெள்ளியங்கிரி.

ராஜா துணியை இழுத்தார். தட்டில் அவர் மூஞ்சிதான் தெரிந்தது. ஒரு இலை இல்லை, ஒரு முத்து இல்லை.



வெள்ளியங்கிரி கையைத் தட்டினார். பூவாண்டி பசலைத் தொட்டியோடு ஓடி வந்தார். ராஜா கண் முன்னாலேயே பறித்தார், கழுவினார், பழம் சேர்த்தார், சாறு ஊற்றிப் புரட்டினார். வெள்ளியங்கிரி முதல் வாயைத் தான் தின்றுவிட்டு, மீதியை நீட்டினார்.

"சம்பிரதாயம் எல்லாம் முன்னாடியே முடிஞ்சிருச்சுங்க. சாப்பிடுங்க."

நறுக்! ராஜாவுக்குத் தோட்டக்காரி வீட்டுக்கே போய்வந்த மாதிரி இருந்தது.

"உனக்கு எப்படியய்யா தெரியும், இவங்க பார்க்கறதே இல்லைன்னு?"

"சோமசேகரர் மீசையில ஒரு நாளும் ஒரு பருக்கை ஒட்டி நான் பார்த்ததில்லைங்க. விஷம் இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயம். இத்தனை வருசம் நீங்க உசிரோட இருக்கறது இவங்க காவல்னால இல்லை, பூவாண்டி நல்ல மனுசன்கறதால."

ராஜா காலித் தட்டையும் பூவாண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்தார். "இவங்களை என்ன செய்யலாம், சொல்லு!"

"தண்டனை எதுக்குங்க பாவம்? விருந்து வையுங்க. இப்ப ருசி பார்த்தாங்களே, அதையே மாசம் பூரா வயிறு நிறையப் போடச் சொல்லுங்க. சோமசேகரருக்கு மட்டும் உப்பைக் கொஞ்சம் குறைச்சு."

ராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. கைக்காப்பைக் கழற்றிப் பூவாண்டிக்குப் போட்டார், மோதிரத்தை வெள்ளியங்கிரிக்குக் கொடுத்தார். அப்படியும் சிரிப்பு அடங்கவில்லை, மாதுளை முத்து புரையேறிவிட்டது. தலையில் ஒரு தட்டு தட்டினால் சரியாய்ப் போகும். யார் தட்டுவது? ராஜா தலையைத் தட்டவும் அங்கே தனியாக ஒரு அதிகாரி உண்டு. அவர் நல்ல நேரம் கேட்கச் சோசியரிடம் ஓடினார். சோசியர் காலித் தட்டு முன்னால் உட்கார்ந்து விரலை மடக்கி... இருங்க, அத்தை கூப்பிடறாங்க, பாப்பா முழிச்சுக்கிச்சாம். சோசியர் என்ன சொன்னாருன்னா... போய்த் தூக்கிட்டு வந்து சொல்றேன், அதுக்குள்ள கீரை வாடாம பார்த்துக்குங்க.