வடிவாம்பாளும் மகாராணி மீனும்

மலைகள் எல்லாம் இன்னும் இளசாக இருந்த காலம். அப்போது செம்பவளபுரி என்று ஒரு நாடு. அந்த நாட்டை சித்திரவல்லி என்ற மகாராணி ஆண்டுவந்தாள். ஒரு பக்கம் அறிவுள்ள மந்திரி, இன்னொரு பக்கம் தைரியமான தளபதி. இருவரையும் வைத்துக்கொண்டு நல்லபடியாகத்தான் ஆண்டாள்.

ஒருநாள் கரும்பிறையான் என்னும் மந்திரவாதி சபைக்கு வந்தான். "அரியணையை எனக்குக் கொடு" என்றான். "தர மாட்டேன்" என்றாள் ராணி. "தரக் கூடாது" என்றார் மந்திரி. "தர விடமாட்டேன்" என்றான் தளபதி.

கரும்பிறையான் கையை ஒரு சுற்றுச் சுற்றினான். அவ்வளவுதான். ராணி சிவப்பு மீனானாள், மந்திரி வெள்ளை மீனானார், தளபதி நீல மீனானான். சபை நடுவே ஆளுயரக் கண்ணாடித் தொட்டி ஒன்று முளைத்தது. மூன்று மீன்களும் அதற்குள் துள்ளி விழுந்தன. மந்திரவாதி தன் பச்சைக்கல் மோதிரத்தைக் கழற்றி அதன் அடியில் போட்டான்.

"கேளுங்கள் ஜனங்களே. மழைக்காலத்தின் முதல் துளி விழும்போது நான் வருவேன். அப்போது இந்த மோதிரம் என் கண்ணுக்குத் தெரிந்தால் மந்திரம் உடையும். தண்ணீர் கலங்கி, தெரியாமல் போனால் இவர்கள் என்றைக்கும் மீன்கள்தான். அரியணை எனக்கு. இன்னொன்று: இந்தத் தண்ணீரை முதலில் எந்தக் கை தொடுகிறதோ, அந்தக் கைதான் கடைசிவரை தொட வேண்டும். வேறு கை பட்டால் அன்றே எல்லாம் முடிந்தது."

சொல்லிவிட்டுப் புகையாகப் போய்விட்டான்.

சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் கை வைப்பது? அரண்மனைக் குளங்களைப் பார்த்துக்கொண்டிருந்த வடிவாம்பாள் முன்னால் வந்தாள். நல்ல வாட்டசாட்டமான பெண். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று தூக்கிப் படியேறுவாள். "நான் பாத்துக்கிறேன்" என்று சேலையைச் செருகிக்கொண்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் குடம் குடமாகப் பழைய தண்ணீரை இறைப்பாள், குடம் குடமாகப் புதுத் தண்ணீரை ஊற்றுவாள். தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது. மோதிரம் வாசலிலிருந்தே தெரிந்தது.

இப்படி இருக்கும்போது அவளுக்கு நோய் வந்தது. மந்திரவாதி ஏவிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நோய்க்கு மந்திரம் எதற்கு? அது தானாகவே வந்தது. பெருங்காய்ச்சல். உடம்பு கொதித்தது, முடி கொட்டியது, நினைவு தப்பியது. வைத்தியர் பிழைப்பாள் என்றும் சொல்லவில்லை, மாட்டாள் என்றும் சொல்லவில்லை. அவள் புருஷன் பொன்னுரங்கன் மூங்கில் கூடை முடைகிறவன். வேலையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே கிடந்து, கஞ்சித் தண்ணீரைத் துளித்துளியாக வாயில் விட்டான்.

வடிவாம்பாள் பிழைத்துக்கொண்டாள். கண் விழித்தவள் கேட்ட முதல் வார்த்தை, "தொட்டி?"

பொன்னுரங்கன் தலையைக் குனிந்துகொண்டான். "கலங்கிக்கிட்டு வருது வடிவு. கண்ணாடியில பாசி ஏறிடுச்சு. மோதிரம் மங்கலாத்தான் தெரியுது."

அவள் எழுந்தாள். கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்தாள். கை நிற்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குடத்தைப் பார்த்தாள். அந்தக் குடத்தைக் காலியாகக்கூட அவளால் தூக்க முடியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்: "என்னங்க, அந்த மந்திரவாதி என்ன சொன்னான்? என் கைதான் தண்ணியத் தொடணும். கால் யாருடையதா இருக்கணும்னு சொன்னானா?"

"சொல்லலையே."

"அப்போ என்னைத் தூக்கிட்டுப் போங்க."

பொன்னுரங்கன் உட்கார வாகாகப் பெரிய கூடை ஒன்று முடைந்தான். அதில் அவளை உட்காரவைத்து முதுகில் சுமந்துகொண்டு சபைக்குப் போனான். தொட்டியின் பக்கத்தில் அவள் உட்கார ஒரு மேடை போட்டான். தண்ணீரும் அவனே சுமந்துவந்து வைத்தான். வடிவாம்பாள் ஓர் அகப்பையை எடுத்தாள். ஓர் அகப்பை இறைத்தாள், ஓர் அகப்பை ஊற்றினாள். இன்னும் கொஞ்சம். அதற்குள் மூச்சு வாங்கியது. அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு என்னால ஆனது இவ்வளவு. மிச்சம் நாளைக்கு."

அந்த நேரம் பார்த்துத் தூணுக்குப் பின்னாலிருந்து கரும்பிறையான் வந்தான். "ஐயோ பாவம்" என்றான். "ஆளுயரத் தொட்டிக்கு அகப்பையா? பெண்ணே, இந்தக் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டி உடைத்துவிடு. போன பலத்தை எல்லாம் இந்த நிமிஷமே உனக்குத் தருகிறேன். ஓடலாம், ஆடலாம், குடம் தூக்கலாம்."

வடிவாம்பாளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. தன் கையைப் பார்த்தாள். ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. மீன்களைப் பார்த்தாள். அவை வாயைத் திறந்து திறந்து மூடின.

"பலம் வரும்போது வரட்டும் ஐயா. இன்னைக்கு என்னால ஆனது இவ்வளவு. மிச்சம் நாளைக்கு."

மறுநாள் இரண்டு அகப்பை கூடுதல். அதற்கு மறுநாள் உடம்பு முடியாமல் ஒன்றோடு நின்றது. அதற்கு அடுத்த நாள் கொஞ்சம் பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். இரை போடுவதைக் குறைத்தாள். குளத்திலிருந்து வேலம்பாசிக் கொடியும் நத்தைகளும் கொண்டுவரச் சொல்லி, தன் கையாலேயே உள்ளே விட்டாள். கொடி தண்ணீரைத் தெளியவைத்தது. நத்தை கண்ணாடியை மேய்ந்தது. அவள் தூங்கும்போதும் வேலை நடந்தது.

கரும்பிறையான் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை குரலில் தேன் ஒழுகியது. "படுத்து ஓய்வெடு அம்மா. சாகக் கிடந்தவள் நீ. விட்டுவிட்டால் யாராவது உன்னைக் குறை சொல்வார்களா?"

"சொல்ல மாட்டாங்க. அது எனக்கும் தெரியும் ஐயா. ஓய்வும் எடுத்துக்கறேன். ஆனா இன்னைக்கு என்னால ஆனது இவ்வளவு. மிச்சம் நாளைக்கு."

அவன் முறைத்துவிட்டுப் போனான். வடிவாம்பாள் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். "முன்ன மாதிரி குடம் குடமா மாத்த முடியலையே" என்று முனகினாள்.

ராணியான சிவப்பு மீன் அவள் அருகே வந்து பேசியது. "வடிவாம்பாள், ஒன்று சொல்கிறேன். நீ குடம் குடமாக மாற்றிய நாட்களில் எங்களுக்கு உடம்பெல்லாம் வெடவெடக்கும். இவ்வளவு பாடுபடுகிறவளிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டோம். இப்போது நீ கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறாய் பார், இதுதான் எங்களுக்குச் சுகமாக இருக்கிறது."

வடிவாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காய்ச்சல் வந்த பிறகு அன்றுதான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள்.

நாட்கள் போயின. தொட்டி தெளிந்தது. ஒருநாள் காலையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஊரே சபையில் கூடிவிட்டது. கரும்பிறையானும் வந்தான். காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். மண்டபம் அதிர்ந்தது, தொட்டி குலுங்கியது. அடியில் படிந்திருந்த அழுக்கெல்லாம் எழும்பித் தண்ணீர் சேறாகிவிட்டது. "மழையோடு வருகிறேன்" என்று போய்விட்டான்.

"எல்லாத்தையும் இறைச்சு ஊத்திடலாம்" என்றார் ஒருவர். "முடியாது, நேரமில்லை" என்றார் இன்னொருவர்.

"யாரும் அசையாதீங்க" என்றாள் வடிவாம்பாள். "கலங்கினது படியட்டும். படியற வரைக்கும் காத்திருக்கணும். அதுதான் இப்போ வேலை."

படுக்கையில் கிடந்து கிடந்து காத்திருக்கப் பழகியவள் அவள். வெளியே இடி முழங்கியது. அவள் அசையவில்லை. மெல்ல மெல்ல அழுக்கு கீழே இறங்கியது. அப்போது புருஷனிடம் கேட்டாள்: "மெல்லிசா, நீளமா ஒரு மூங்கில் குழல் வேணும். ரெண்டு பக்கமும் திறந்திருக்கணும்."

அவன் வெட்டிக் கொடுத்தான். அவள் குழலின் மேல் வாயைக் கட்டைவிரலால் மூடி, அடியில் இருந்த அழுக்கின் மேல் இறக்கினாள். விரலை எடுத்தாள். அழுக்கு சரேலென்று குழலுக்குள் ஏறியது. மறுபடி விரலால் மூடி, வெளியே எடுத்து ஊற்றினாள். பலமே வேண்டியிருக்கவில்லை. கைதான் நடுங்கியது. பொன்னுரங்கன் அவள் முழங்கைக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தான். நடுக்கம் நின்றது. மோதிரத்தைச் சுற்றி, கொடியைச் சுற்றி, மூலையைச் சுற்றி எல்லாவற்றையும் எடுத்தாள்.

கடைசிக் குழலை ஊற்றியபோது முதல் துளி விழுந்தது.

கரும்பிறையான் உள்ளே நுழைந்தான். நுழையும்போதே கண்களை இறுக்கி மூடிக்கொண்டான். தொட்டிக்கு முன்னால் நின்று, "மோதிரம் என் கண்ணுக்குத் தெரியவில்லையே" என்றான். கூட்டம் திகைத்தது. அநியாயம்தான். ஆனால் அவன் சொன்ன நிபந்தனை அப்படி.

வடிவாம்பாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சாவதானமாகக் கேட்டாள்: "ஐயா, இந்தப் பச்சைக்கல்லுல ஒரு கீறல் இருந்ததா, இல்லையா? எல்லாரும் பாக்கறாங்க. பிறகு நான் கீறிட்டேன்னு பேர் வரக் கூடாது பாருங்க."

"கீறலா? என் கல்லிலா?" பதறிப்போய்க் கண்ணைத் திறந்து குனிந்தான். "கீறல் எங்கே? ஒன்றுமே இல்லையே. பளபளவென்று இருக்கிறதே."

"நல்லாத் தெரியுதா ஐயா?"

"நன்றாகத் தெரிகிறது" என்றவன் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டான்.

தொட்டி நடுவில் பிளந்தது. தண்ணீர் வழிந்தோடியது. ராணி நின்றாள், மந்திரி நின்றார், தளபதி நின்றான், மூன்று பேரும் சொட்டச் சொட்ட. மோதிரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதோடு மந்திரவாதியின் மந்திரமும் போயிற்று. குடைகூட இல்லாமல் மழையில் நனைந்துகொண்டு எல்லையைத் தாண்டி ஓடினான். கூட்டம் போட்ட ஆரவாரத்தில் இடிச் சத்தம் கேட்கவில்லை.

மகாராணி பல்லக்கைக் கொண்டுவரச் சொல்லி, வடிவாம்பாளை அதில் ஏற்றினாள். முன்தண்டைத் தன் தோளில் தாங்கினாள். மந்திரியும் தளபதியும் பின்தண்டைப் பிடித்தார்கள். நாடே பூத்தூவ, மழையில் ஊர்வலம் போனது. பொன்னுரங்கன் பக்கத்தில் நடந்தான்.

அவர்கள் தெருமுனை வந்ததும் வடிவாம்பாள், "மகாராணி, இங்க இறக்குங்க" என்றாள்.

"வீடு இன்னும் தள்ளி இருக்கிறதே?"

"இருக்கட்டும்."

இறங்கினாள். ஒரு நிமிஷம் நின்றாள். கால் நின்றது. ஈரத் தெருவில் ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. யார் கையையும் பிடிக்காமல் தன் வீட்டு வாசல்வரை நடந்தே போனாள்.

அவள் நடந்தாள், நாடு செழித்தது, கேட்ட நாமும் நலமாக இருப்போம்.