தொட்டிலில் ஒரு விசாரணை

முன்னொரு காலத்தில், அரசர் காலையில் நினைப்பது மத்தியானத்துக்குள் சட்டமாகிவிடும் நாடு ஒன்று இருந்தது. இளவரசர் பிறந்த மகிழ்ச்சியில் அரசர், "நாட்டிலுள்ள கைக்குழந்தை ஒவ்வொன்றுக்கும் தினமும் ஓர் ஆழாக்குப் பால்" என்று அறிவித்தார். பிரதானி பூபாலருக்கு வயிறு எரிந்தது. போகிற பாலுக்காக அல்ல. யோசனை சொன்னவன் விகடகவி சாத்தப்பன் என்பதற்காக.

"மன்னா, சும்மா கொடுத்தால் சோம்பேறித்தனம் பெருகிவிடும்" என்றார் பிரதானி.

"கைக்குழந்தைகளுக்கா?" என்றான் சாத்தப்பன்.

பிரதானி அதைக் காதில் வாங்கவில்லை. "தகுதி பார்க்க வேண்டும், மன்னா. தாய்மார் பொய் சொல்வார்கள். ஆகவே, 'உன்னால் நாட்டுக்கு என்ன பயன்?' என்று குழந்தையையே சாத்தப்பன் கேட்கட்டும். பதில் சொல்லாத வாயில் ஒரு சொட்டு விழுந்தாலும் அவன் தலை போகட்டும்."

கடைசியாகப் பேசியவர் சொல்வதே சரி என்று அரசருக்கு எப்போதும் படும். ஆணை பிறந்தது.

மறுநாள் கல்லுடைக்கும் செங்கமலம் தன் மகளோடு கோட்டை வாசலுக்கு வந்தாள். குழந்தையின் விலா எலும்பை எண்ணிவிடலாம். பிரதானியின் ஆட்கள் சூழ்ந்து நிற்க, சாத்தப்பன் கேள்வியைக் கேட்டான். குழந்தை விரலைச் சப்பியது.

"இது இன்னும் அம்மான்னுகூடச் சொல்லல, சாமி" என்றாள் அவள்.

அன்று ஒரு பிள்ளைக்கும் பால் கிடைக்கவில்லை. மிஞ்சிய பால் விசாரணை அதிகாரிகளுக்குப் பாயசமாயிற்று. சாத்தப்பன் மட்டும் தன் பங்கைத் தொடவில்லை.

அடுத்த நாள் அந்தப்புரத்தில் இளவரசர் வீறிட்டு அழுதார். அரசரும் பிரதானியும் ஓடிவந்து பார்த்தால், பால் சங்கோடு தொட்டிலின் முன் சாத்தப்பன் பணிவாக நிற்கிறான்.

"இளவரசே, தங்களால் நாட்டுக்கு என்ன பயன்?"

"என்னடா அநியாயம் இது?" என்றார் அரசர்.

"கைக்குழந்தை ஒவ்வொன்றும் என்பது தங்கள் ஆணை, மன்னா. என் தலையும் அதில் அடக்கம்."

சமாதானப்படுத்துவதற்காகப் பிரதானி இளவரசரைத் தூக்கினார். இளவரசர் அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தை நனைத்துவிட்டார்.

"இதைப் பதிலாக ஏற்கலாமா, பிரதானியாரே?"

"மடையா, இவன் நாளை நாட்டை ஆளப்போகிறவன்" என்றார் அரசர்.

"அதை அவர் சொல்லவில்லையே."

"பால் குடித்து வளர்ந்தால்தானே சொல்வான்" என்ற அரசர் சட்டென்று நிறுத்தினார். "நேற்று எத்தனை பிள்ளைகள் பசியோடு திரும்பின?" என்றார்.

"வந்த பிள்ளைகள் எல்லாம், மன்னா."

அரசர் தலை குனிந்தார். நிமிர்ந்தபோது, சொட்டச் சொட்ட நின்ற பிரதானி கண்ணில் பட்டார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, விசாரணையை ஒழித்து, தம் முத்துமாலையைச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார்.

"பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குமா கொடுப்பது?" என்று பிரதானி முனகினார்.

"உங்கள் பேரனுக்கும்தான். தாத்தா யாரென்று பார்த்தா குழந்தைக்குப் பசிக்கிறது?" என்றான் சாத்தப்பன்.

மறுநாள் காலை, வரிசையில் முதலாவதாகப் பிரதானி வீட்டு வெள்ளிக் குடம் வந்து நின்றது. சாத்தப்பன் ஓர் ஆழாக்கு ஊற்றினான். அது குடத்தின் அடியைக்கூட மறைக்கவில்லை. அதே ஆழாக்கில் செங்கமலத்தின் மண்சட்டி நிரம்பி வழிந்தது. வீடுவரை கொண்டுபோக அவள் மகள் விடவில்லை. அங்கேயே குடித்துத் தீர்த்தாள்.