பந்துப் பீரங்கியின் முன்வரிசை

கோபி நகருக்கு அருகே ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்த பிலோமினாவுக்கு, அவர் விரும்பாமலேயே ஒரு சீடர் வாய்த்திருந்தார்.

சீடரின் பெயர் குழந்தைவேலு. குருவைவிட வயதில் மூத்தவர். கடைவீதியில் பிளாஸ்டிக் குழாய்களும் தண்ணீர் மோட்டார்களும் விற்பவர். விற்காமல் தங்கிய குழாய்த் துண்டுகளை ஒட்டிச் சேர்த்து ஒரு பீரங்கி செய்திருந்தார். அதன் வயிற்றில் எரியக்கூடிய ஆவியை அடைத்துப் பொறி வைத்தால், வாயில் செருகிய டென்னிஸ் பந்து பறக்கும்.

எதற்காக இது என்று கேட்டவர்களிடம், "சும்மாதானுங்க" என்பார். அது பொய்யில்லை.

முதலில் பந்து பறக்கவே இல்லை; பீரங்கியைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். காரணம் கேட்டார்.

"உள்ளே காத்து வேண்டாமா சார்? காத்து இல்லாம எது எரியும்?" என்றார் பிலோமினா.

மறுநாள் பந்து தென்னை மரத்துக்கு மேலே போயிற்று. குழந்தைவேலு சீடரானார். அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொன்ன தன் வாயைப் பிலோமினா பிற்பாடு பலமுறை நொந்துகொண்டார்.

ஏனெனில் அதற்குப் பின் அவர் சொன்ன எதையும் சீடர் காதில் வாங்கவில்லை.

"சார், அந்தக் குழாய் தண்ணிக்குச் செஞ்சது. உள்ளே வெடிச்சா கண்ணாடி மாதிரி சில்லு சில்லாத் தெறிக்கும்."

"நான் விக்கற குழாய்தானுங்களே மேடம். அதோட குணம் எனக்குத் தெரியாதுங்களா?"

"தண்ணி ஓடறப்போ அதோட குணம் தெரியும். நெருப்பு ஓடினா?"

"அதைக் கேக்கத்தானுங்க உங்ககிட்ட வர்றேன்."

"நான்தான் சொல்றேனே, வேண்டாம்னு."

"சரிங்க மேடம்" என்பார் பணிவாக. அடுத்த வாரம் இன்னும் நீளமான குழாயோடு வந்து நிற்பார்.

ஒருநாள் இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

"சனிக்கிழமை நம்ம ஊரு ஸ்கூல்ல அறிவியல் விழாங்க. நம்ம பீரங்கிதான் தொடக்கம்."

"நம்ம பீரங்கியா?"

"உங்க ஆசீர்வாதம்தானுங்களே."

"நான் எப்போ ஆசீர்வாதம் பண்ணேன்?"

"ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க. பிலோமினா மேடம் சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம்."

"வேண்டாம். அதுவும் ஒரு வார்த்தைதான். போய்ச் சொல்லுங்க."

குழந்தைவேலு இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்தார். அவர் முகம் வாடவில்லை.

"சரிங்க. அப்ப பிசிக்ஸ் வாத்தியாரைக் கேட்டுக்கறேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்கு அவரும் வேண்டியவருதான். அவரு எதுக்கும் சரிம்பாரு."

பிலோமினாவுக்கு அந்த வாத்தியாரைத் தெரியும். சரி என்பதைத் தவிர வேறெதையும் அவர் இதுவரை சொன்னதில்லை. திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளைப் பிலோமினா மூடினார். கண்ணாடியைக் கழற்றிப் புருவங்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"என்கிட்ட உங்களுக்கு என்னதான் தெரியணும்?"

"பிள்ளைங்களை எங்க உட்கார வைக்கறதுன்னு மட்டும் வந்து பார்த்துச் சொல்லுங்க. முன்னூறு பேரு."

"வண்டியை எடுங்க."

கடைக்குச் சொந்தமான கிடங்கு ஊரின் எல்லையில் இருந்தது. பக்கத்திலேயே வீடு. இரண்டுக்கும் பின்னால் ஒரு வெற்றுத் திடல். நடுவில் செங்கல் மேடையில் பீரங்கி சாய்ந்திருந்தது. அதற்கு நீலச் சாயம் பூசி, மாவிலை கட்டியிருந்தார். இரு புறமும் சுண்ணாம்புத் தூளால் கோடுகள் கிழித்திருந்தார்.

"ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குப் போடற வரிசையை இங்கயே போட்டுப் பார்த்தேனுங்க. முன்வரிசை இது. சின்னப் பிள்ளைங்க பக்கத்துல இருந்தாத்தானே நல்லாத் தெரியும்."

முன்வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டினால் பீரங்கியைத் தொடலாம் போலிருந்தது.

"இது வெடிக்காதா?"

"வெடிக்காதுங்க."

"உறுதியா?"

"என்ன மேடம் நீங்க! தினமும் பக்கத்துல நின்னு சுடறவன் நான். ஒரு கீறல் உண்டா பாருங்க." இரண்டு கைகளையும் புரட்டிக் காட்டினார்.

வீட்டிலிருந்து அவர் மனைவி ருக்குமணி ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்தார்.

"வாங்க டீச்சர். நீங்களாவது இந்த மனுசனுக்குப் புத்தி சொல்லுங்க. இவரு அந்த மூடியைத் திருகற சத்தம் கேட்டாலே கோழியெல்லாம் அட்டாலியில ஏறிக்குது. மருமக வாங்கிக் குடுத்த சென்ட் பூரா இது வயித்துக்குள்ள போயாச்சு. இந்த வீட்டுல இப்ப மணக்கறது இந்தக் குழாய் ஒண்ணுதான்."

"இவளுக்கு விஞ்ஞானம் புரியாதுங்க" என்றார் குழந்தைவேலு.

"நாத்தம் புரியுது. அது போதும்."

பிலோமினா மோரைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"ருக்குமணி, அங்க கிடக்கற சேரை எடுத்து முன்வரிசையில போட்டு உட்காருங்க."

"எங்க, இந்தச் சுண்ணாம்புக் கோட்டு மேலயா?"

"உங்க வீட்டுக்காரர் போட்ட கோடுதானே."

ருக்குமணி நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். முந்தானையைச் சரிசெய்தார். போட்டோ எடுப்பவருக்கு முன்னால் இருப்பதுபோல் கைகளை மடியில் சேர்த்துவைத்தார்.

"ம், சுடுங்க. பார்த்துட்டுப் போயி நான் உலை வைக்கோணும்."

"சுடுங்க சார்" என்றார் பிலோமினா.

குழந்தைவேலு உற்சாகமாகப் பந்தைச் செருகினார். ஆவியை நிரப்பி மூடியைத் திருகினார். கிடங்கின் அட்டாலிப் பரணில் கோழிகள் சிறகடித்தன. பாக்கெட்டிலிருந்து அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரை எடுத்து நிமிர்ந்தார்.

இரண்டு குழாய்கள் ஒட்டப்பட்ட இடம் ருக்குமணியின் கன்னத்துக்கு நேராக இருந்தது.

"கொஞ்சம் பின்னாடி போட்டுக்கோ" என்றார்.

"ஏனுங்க?"

"சத்தமா இருக்கும்."

"தினமும் கேக்கற சத்தந்தானே."

"சொன்னாக் கேளு."

ருக்குமணி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக் கோட்டுக்குப் போனார். குழந்தைவேலு லைட்டரை நீட்டினார். மறுபடியும் நிறுத்தினார்.

"இன்னும் கொஞ்சம்."

"கோடு முடிஞ்சு போச்சுங்க."

"பரவாயில்லை, போ."

"தண்ணித்தொட்டி இருக்குது."

"தொட்டிக்கு அந்தப் பக்கம் போயேன்."

"டீச்சர், இவரு என்னை எங்க அம்மா வீட்டுக்கே அனுப்பிருவாராட்டம் இருக்குது!"

பிலோமினா மோரைக் குடித்தார். உப்பு சரியாக இருந்தது.

தொட்டிக்குப் பின்னால் ருக்குமணியின் தலை மட்டும் தெரிந்தது. குழந்தைவேலு அந்தத் தலையைப் பார்த்தார். பீரங்கியின் ஒட்டைப் பார்த்தார். அதில் விரலால் ஒருமுறை தடவினார். பிறகு கேட்டை நோக்கிக் கையை வீசினார்.

"வெளியே போய் நில்லு!"

"ரோடு வந்துருமுங்க!"

"ரோட்டைத் தாண்டிப் போ!"

ருக்குமணி நாற்காலியைத் தொட்டியின் அருகிலேயே விட்டுவிட்டு நடந்தார். சத்தியமங்கலம் போகும் பேருந்து ஒன்று குறுக்கே வந்தது. அது கடந்ததும் சாலையைத் தாண்டி எதிரே இருந்த டீக்கடைக்குள் நுழைந்தார். அங்கிருந்து கையை ஆட்டினார்.

"இப்ப சுடலாமே" என்றார் பிலோமினா.

குழந்தைவேலு லைட்டரைக் குழாயின் அருகே கொண்டுபோனார். கட்டைவிரல் அழுத்தவில்லை. டீக்கடையைப் பார்த்தபடியே நின்றார். வெயில் அவர் கழுத்தில் இறங்கியது.

"அவளுக்குக் கொஞ்சம் பயந்த சுபாவமுங்க" என்றார்.

டீக்கடை வாசலில் ருக்குமணி பன்னை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவரிடம் எதையோ சொல்லிச் சிரித்தார்.

பிலோமினா டீக்கடையைப் பார்த்தார். பிறகு குழந்தைவேலுவைப் பார்த்தார்.

குழந்தைவேலு மூடியை மெல்லத் திருகிக் கழற்றினார். ஆவி வெளியேறிச் சற்று நேரம் மல்லிகையாக மணந்தது. லைட்டரைச் சட்டைப்பைக்குள் போட்டார். மாவிலையைத் தொட்டு நேராக்கினார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாதபோது வாயைத் திறந்தார்.

"மேடம், அப்ப பிள்ளைங்களை எங்கதானுங்க உட்கார வைக்கறது?"

பிலோமினா காலி டம்ளரை முன்வரிசைக் கோட்டின்மேல் வைத்தார்.

"டீக்கடையில முன்னூறு பேருக்கு இடம் இருக்குமான்னு கேட்டுட்டு வாங்க."