டவுட்டுக்குக் கிடைத்த அர்த்தம்

ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் அறையில் டவுட் என்றொரு சொல் இருந்தது. பிறந்தது ஆங்கிலத்தில் என்றாலும் வளர்ந்ததெல்லாம் நம்மூர் வகுப்புகளில்தான். "மேம், ஒரு டவுட்" என்று எந்தப் பிள்ளை எழுந்தாலும் இதன் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழும். செல்லம் கொடுத்து வளர்த்த சொல். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்?

அங்கே வணிக ஆங்கிலத்தோடு கம்ப்யூட்டர் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவர் மெஹராஜ் மேடம். அவருடைய மாணவி இசக்கிப்ரியாவை ஒரு வெளிநாட்டு நிறுவனம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இந்த வேலையை விட்டால் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு.

சொன்ன நேரம் நம்மூர் நேரமா, அவர்கள் ஊர் நேரமா என்று கேட்டு மெயில் எழுதினாள். வழக்கம்போல டவுட் முதல் வரியிலேயே போய்ச் சம்மணம் போட்டது. 'உங்கள் இன்டர்வியூவில் எனக்கு ஒரு டவுட்.'

சென்ட் பட்டனுக்கு எப்போதும் அவசரம். ஒரு தட்டு தட்டு தாயி, பறந்துரும் என்று அவளை அரித்தது. எழுதியதை அழிக்கும் பேக்ஸ்பேஸ்தான் குறுக்கே விழுந்தது.

"கொஞ்சம் எந்திரி" என்றது டவுட்டிடம்.

"நான் இல்லாம இந்தப் பிள்ளைக்குக் கேக்கத் தெரியுமா?"

"இங்க நீ வெறும் கேள்வி. அங்க போனா, உங்களை நம்பலைன்னு அர்த்தம். இவ பொழப்புல மண்ணு விழுந்துரும்."

பின்னால் வந்து நின்ற மேடமும் அதையேதான் சொன்னார். பேக்ஸ்பேஸ் டவுட்டை எழுத்தெழுத்தாக விழுங்கியது. அந்த இடத்தில் கொஸ்டின் என்ற சொல் அடக்கமாக வந்து உட்கார்ந்தது, மெயிலும் போனது. டவுட் திரையோரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

மதியம் அதே நிறுவனத்தின் பெயரில் இன்னொரு மெயில் வந்தது. இன்டர்வியூ உறுதியாக வேண்டுமானால் உடனே மெயில் பாஸ்வேர்டைத் தரவேண்டுமாம், தாமதித்தால் வாய்ப்பு போய்விடுமாம். பதறிப்போன இசக்கிப்ரியா பாதியைத் தட்டியும்விட்டாள். சென்ட் பட்டன் வாயைப் பிளந்து காத்திருந்தது.

டவுட் எட்டிப் பார்த்தது. அனுப்பியவர் முகவரியில் நிறுவனத்தின் பெயருக்கு ஓர் எழுத்து குறைந்தது. கோபமெல்லாம் எங்கே போனதோ, ஓடிப்போய் அவள் நெஞ்சுக்குள் நின்றுகொண்டது. அவள் விரல் நின்றது.

"மேம், இந்த மெயில் மேலயே எனக்கு டவுட்டா இருக்கு."

மேடம் பார்த்தார், சுத்தப் போலி. "இப்பதாம்மா அந்த வார்த்தையைச் சரியாச் சொல்லியிருக்க" என்று அவள் தோளைத் தட்டினார். இசக்கிப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடத்துக்கு எத்தனை முறை நன்றி சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பாதிப் பாஸ்வேர்டைப் பேக்ஸ்பேஸ் சத்தமில்லாமல் துடைத்தது. சாயங்காலம் உண்மையான நிறுவனத்தின் பதிலும் வந்தது. இந்திய நேரம்தான், கேட்டது நல்லது என்று எழுதியிருந்தார்கள்.

டவுட் பேக்ஸ்பேஸிடம் போனது. "காலையில நீ என்னை எழுப்பிவிடலைன்னா, நான் யாருன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. நீ நல்லா இருக்கணும்."



"அழிச்சதுக்கு நன்றி சொன்ன முதல் ஆள் நீதான்" என்றது பேக்ஸ்பேஸ்.