பதினாறு பவுண்டு பந்து

"இதுல துளை போடுடா," என்று வேலைக்காரப் பையன் எட்வினிடம் பதினாறு பவுண்டு பவுலிங் பந்தைத் தட்டிக் காட்டினார் கடை முதலாளி அரங்கநாதன்.

விரலுக்குத் துளை போட்டுவிட்டால் பந்தைத் திருப்பித் தர முடியாது. வாங்க வந்த ஹமீதா அக்காவுக்கோ வளையல் நிற்காத மணிக்கட்டு. எட்வின் துளைக் கருவியை எடுக்கவில்லை.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷனோடு ஒரே டீமில் ஆடுகிறவர். கட்டைகளைச் சாய்க்க அவர் உருட்டும் பந்தெல்லாம் ஓரப் பள்ளத்தில்தான் விழும். இந்த வாரமும் விழுந்தால் டீமைவிட்டு எடுத்துவிடுவார்களாம்.

"கனமான பந்துதான் நேராப் போகும். பாருங்க, நான் ஒரு கையால தூக்குறேன்," என்றார் முதலாளி. தூக்கியும் காட்டினார்.

"அப்படியே பிடிச்சுக்குங்க சார்," என்றான் எட்வின். "அக்கா விரலை அளந்து அதுல குறிக்கணும்."

கட்டைவிரலை அளந்தான். சரியில்லை என்று மறுபடியும் அளந்தான். முதலாளி கை நடுங்கியது, முகம் சிவந்தது. கடைசியில் பந்தைத் தொப்பென்று மேஜையில் வைத்துவிட்டார்.

"என்ன சார், அதுக்குள்ளயா? அக்கா சாயங்காலம் முழுக்க உருட்டணுமே."

ஹமீதா அக்கா சிரித்துவிட்டார். "அந்தப் பத்து பவுண்டு பந்தை எடுங்க தம்பி. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு ஆடணும், எனக்கு அவ்வளவுதான்."

"நீ வீட்டுக்குப் போய்த் தொலைடா," என்று எட்வினைத் திட்டிவிட்டு உள்ளே போனார் முதலாளி.

எட்வின் போகவில்லை. பத்து பவுண்டு பந்தில் துளை போட்டு, அக்காவின் கட்டைவிரல் உரசாமல் போய் வரும்வரை விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்.