ஐந்து மணிப் பாயசம்

அம்பாசமுத்திரத்தில் ஊறுகாய் போட்டு விற்கிறவர்கள், தையல்கடைக்காரர்கள், தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்கள் எல்லோருக்குமாக ஒரு பயிலரங்கம். ‘வாடிக்கையாளரைத் தக்கவைப்பது எப்படி?’ என்பது தலைப்பு. பேச வந்தவர் பூபதிராஜன். அவர் பேசப் போன ஊரிலெல்லாம் மதியச் சாப்பாடு முடிந்ததும் கூட்டம் கைகழுவிய ஈரத்தோடு பஸ் ஏறிவிடும்.

அந்தப் பழியை அவர் காலையிலேயே சமையல்காரி இசக்கியம்மாள் தலையில் கட்டினார்.

“சாப்பிடத்தான் வர்றாங்க, சாப்பிட்டதும் போறாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒருத்தர் எழுந்தாலும் சரி, அடுத்து வர்ற மூணு பயிலரங்கத்துக்கும் சமையலுக்கு வேற ஆள் பார்த்துருவேன்.”

“சரிங்க சார்,” என்றாள் அவள்.

மதியம் சாம்பார், ரசம், மோர் எல்லாம் வந்தது. பாயசம் மட்டும் வரவில்லை. அண்டாவை அரங்கத்து வாசலில் இறக்கி, மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்துவிட்டு, “பாயசம் அஞ்சு மணிக்கு!” என்றாள் இசக்கியம்மாள். நெய்யில் வறுத்த முந்திரி வாசம் உள்ளே போனது. வந்திருந்த அறுபது பேரும் அந்த வாசத்தின் பின்னாலேயே போய் உட்கார்ந்தார்கள்.

மதியத்துக்கு மேல் பேசிப் பழக்கமில்லாத பூபதிராஜன், நாலு மணிக்குள் சொன்ன கதையையே மூன்று தடவை சொன்னார். நாலரைக்கு, “இத்துடன் முடித்துக்கொள்வோம்,” என்று மைக்கை வைத்துவிட்டு நேராக அண்டாவுக்கு வந்தார்.

இசக்கியம்மாள் மூடியை இழுத்துச் சாத்தினாள்.

“எழுந்திரிச்சது நீங்க ஒருத்தர்தான் சார். இன்னும் அரைமணி இருக்கு. பேச ஒண்ணுமில்லன்னா சும்மா உட்காருங்க. காலையிலேருந்து இவங்க அறுபது பேரும் அப்படித்தான உட்கார்ந்திருக்காங்க!”