கருவாயன் கொடுத்த வாக்கு

ஆடும் மாடும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பேச்சில் நாயை மிஞ்ச ஆளில்லை. ஆடு பசித்தால் மட்டும் பேசும். மாடு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதையே அரை நாள் அசைபோடும். பூனையோ, கேட்டதற்குப் பதில் சொல்வதே பெரிய தயவு என்று நினைக்கும். நாய்தான் கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை ஓயாது.

அங்காயி வீட்டு நாய்க்குக் கருவாயன் என்று பெயர். உடம்பெல்லாம் செம்மண் நிறம், வாய் மட்டும் கறுப்பு. அங்காயியும் அவள் புருஷன் சடையனும் ஆடு வளர்த்தார்கள். அறுவடை முடிந்த வயல்களில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போவார்கள். மயிலி அவர்களுக்கு ஒரே பிள்ளை, அப்போதுதான் நடை பழகியிருந்தாள். ஓநாய் வராமல் ஆட்டையும், ஆடு மிதிக்காமல் பிள்ளையையும் காத்தது கருவாயன்தான். அந்த நன்றி அங்காயிக்கு எப்போதும் உண்டு.

ஆனால் அந்த வாய் இருக்கிறதே! கூழ் சூடாக இருந்தால் சொல்லும். கிடாயின் நாற்றம் தாங்கவில்லை என்று சொல்லும். மழை வரப்போகிறது என்பதை மழை வந்த பிறகும் சொல்லும். பிள்ளை தன் சட்டியில் கையை விடுகிறாள், தான் தூங்கும்போது மேலே வந்து விழுகிறாள், தனக்குப் பதறிப்போகிறது என்பதையும் அதே குரலில்தான் சொல்லும். கேட்டதும் அங்காயி போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். அடுப்பை விட்டு எழ முடியாத நாளில், சும்மா கிடடா என்பாள்.

அந்தக் கோடையில் அதற்கு இடது காதில் வலி கண்டது. மயிலி அந்தக் காதைப் பிடித்துத்தான் எழுந்து நிற்பாள். கருவாயன் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. கடைசியில் ஒரு நாள் சடையனிடமே போய், காதைத் தொட வேண்டாமென்று பிள்ளைக்குச் சொல்லுங்கள் ஐயா என்று நின்றது. அவன் காணாமல் போன ஆட்டைத் தேடி வெயிலில் அலைந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான்.

“என் கூழைக் குடிச்சுக்கிட்டு என் பிள்ளை மேலயே குறை சொல்றியா? இனிமே உன் வாயிலேருந்து ஒரு சொல் வரக் கூடாது. மண்ணைத் தொட்டுச் சத்தியம் பண்ணு.”

கருவாயன் திரும்பி அங்காயியைப் பார்த்தது. அவளுக்கு அன்று தலைவலி வேறு. இனியாவது கொஞ்சம் நிம்மதி கிடைக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கூழைக் கிண்டிக்கொண்டே இருந்துவிட்டாள்.

“சரி ஐயா, இனி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்” என்று கருவாயன் மண்ணில் கால் வைத்துச் சொன்னது. அதுதான் அதன் கடைசிப் பேச்சு. நாயைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், வாக்குத் தவறியது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

கிடையில் அமைதி வந்தது. ஒரே அதட்டலில் நாயை வழிக்குக் கொண்டுவந்துவிட்டதாகச் சடையன் பக்கத்துக் கிடைக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பிள்ளை அருகில் வந்தால் கருவாயன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூக்கை நக்கிக்கொண்டது. எழுந்துபோய் வேறு நிழலில் படுத்தது. மயிலி தத்தித் தத்தி அங்கேயும் போனாள். அங்காயி இதையெல்லாம் பார்த்தாள். பார்த்தும், நாய் திருந்திவிட்டது என்றே நினைத்தாள்.

ஒரு மத்தியானம் மயிலி ஓடிவந்து அந்தக் காதை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். கருவாயன் மரக்கட்டை மாதிரி விறைத்தது. அடுத்த கணம் பிள்ளையின் முன்கையில் பல் பதிந்துவிட்டது. நாயிடமிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை, பிள்ளையின் அலறல்தான் கேட்டது.

அங்காயி பானைத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் காயத்தைக் கழுவினாள். நல்லவேளையாக ஆழமில்லை. கடித்த உடனே விட்டுவிட்டு வேலியோரம் போய்ச் சுருண்டு கிடந்தது கருவாயன். சடையன் பெரிய கல்லாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி நடந்தான். அங்காயிக்கும் கோபம்தான். அந்தக் கல்லை அவளே போட்டிருப்பாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனை முந்திப் போய் நின்றாள்.

“ஏண்டா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

கருவாயனின் வாய் அசைந்தது. அசைந்து, அப்படியே மூடிக்கொண்டது. அங்காயிக்குச் சுரீர் என்று உறைத்தது.

“கல்லைக் கீழ போடு மாமா. அவன் சொல்லிக்கிட்டேதான் இருந்தான். சொல்லாதேன்னு வாயை அடைச்சது நாமதான்.”

சடையன் நின்றான். தப்புத்தான் என்று அவனும் ஒத்துக்கொண்டான், சத்தியத்தை விட்டுவிடு, பேசு என்று நாயிடம் சொல்லியும் பார்த்தான். ஆனால் அந்தக் காலத்தில் மண்ணைத் தொட்டுச் செய்த சத்தியத்தை வாங்கினவன் நினைத்தாலும் அவிழ்க்க முடியாது. கல் இன்னும் அவன் கையிலேயே இருந்தது. சொல்லாமல் கடிக்கிற நாயைப் பிள்ளையோடு எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

பிள்ளையை அவனுக்குப் பின்னால் நிழலில் உட்காரவைத்துவிட்டு அவள் வேலியோரம் உட்கார்ந்தாள். அந்தக் காதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க மெல்லக் கையை நீட்டினாள். கருவாயன் விறைத்தது. வலி ஒரு பக்கம், சத்தியம் ஒரு பக்கம், கூழ் ஊற்றிய கை ஒரு பக்கம். இந்தக் கையையும் கடித்துவிடுவோமோ என்று அதற்கே பயம் வந்திருக்க வேண்டும். அப்போது அதன் தொண்டைக்குள்ளிருந்து, இதுவரை உலகத்தில் யாரும் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது.

உர்ர்ர்ர்.

அதில் சொல் ஒன்றுமில்லை, சத்தியமும் கெடவில்லை. ஆனால் அங்காயிக்கு அது தெளிவாகப் புரிந்தது. நீட்டின கையை இழுத்துக்கொண்டாள்.

“உன்னையே மிரட்டுறான் பாரு” என்று சடையன் கல்லை ஓங்கினான்.

“மிரட்டல மாமா, சொல்றான். நல்லவேளை சொன்னேடா, என் சாமி.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கை விலகியதும் உறுமல் அடங்கியது. தான் சொன்னதை ஒருத்தி கேட்டாள் என்பதே அதற்குப் பாதி மருந்தாக இருந்தது. அங்காயி அவசரப்படவில்லை. கையை முகரக் கொடுத்தாள், கழுத்தைத் தடவினாள், உறுமும்போதெல்லாம் நிறுத்தினாள். வெயில் இறங்குகிற நேரத்தில் கருவாயன் தானாகவே தலையை அவள் மடியில் வைத்தது. காதுக்குள் ஊசிப்புல் ஒன்று ஏறிச் சீழ் வைத்திருந்தது. அவள் அதைப் பிடுங்கிப் போட்டாள். சடையன் கல்லை எப்போது கீழே போட்டான் என்று தெரியவில்லை, வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். “மன்னிச்சுக்கடா” என்று அதன் முதுகைத் தடவினான்.

மறுநாளிலிருந்து கருவாயனின் சட்டியைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்கள். அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பிள்ளையைக் கிட்டே விடவில்லை. உறுமல் கேட்டால் அங்காயி அடுப்பில் கூழ் பொங்கினாலும் எழுந்து ஓடிப் பிள்ளையைத் தூக்கினாள், தூக்கிக்கொண்டு நாய்க்கு நன்றி சொன்னாள். கருவாயன் பிறகு யாரையும் கடிக்கவில்லை. அதன் உறுமலுக்கு மதிப்பு இருப்பதைப் பார்த்து மற்ற கிடை நாய்களும் உறுமக் கற்றுக்கொண்டன. நாளடைவில் அவற்றுக்கும் சொற்கள் மறந்துபோயின.

அன்று முதல்தான் நாய் கடிப்பதற்கு முன்னால் உறுமுகிறது. அதைக் கேட்டுக் கல்லைத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்காயி வழி வந்தவர்கள் கையை இழுத்துக்கொண்டு, “நல்லவேளை சொன்னே” என்கிறார்கள்.